காலண்டர் தாள் கிழிக்காத நாட்கள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்துக் கொடுக்கிற இடம். 2022 செப்டம்பரில் என் வீட்டுச் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் 11 நாள் தாள் கிழிக்கப்படாமல் கிடந்தது. மனச்சோர்வு எனக்கு வந்தது அது மூன்றாம் முறை. முதல் தடவை 2014, அடுத்தது 2018.

ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடியும் வரும் என்று டாக்டர் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. இப்போது அப்படி இல்லை. வரும் என்று தெரிந்தால் வாசலிலேயே ஆளைப் பார்த்துவிடலாமே.

என் ஃபைலில் ‘மிதமானது’ என்று எழுதியிருக்கிறது. அந்த வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். படுத்த படுக்கையாக மாட்டோம், வேலைக்குக்கூடப் போவோம். ஆனால் அரை மணி நேரப் பதிவு மத்தியானம் வரை இழுக்கும். கூட்டிய தொகையையே நாலு தடவை கூட்டுவேன். விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு தட்டினால் அப்புறம் தூக்கம் கிடையாது. பேரன் வந்து மடியில் உட்கார்ந்தால்கூட ஒன்றும் தோன்றாது. இப்படி இரண்டு வாரம், பெரும்பாலான நாட்கள் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

எனக்கு முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினார்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை, பி12 குறைபாடு இருந்தாலும் இதே சோர்வு வரும். அப்புறம் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள். மொத்தம் 27 மதிப்பெண், 10 முதல் 14 வரை மிதமானது. நான் எடுத்தது 14. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திரிந்த நாட்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வைத்தியமே மாறும்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் கூட ஆகலாம். குமட்டல், தலைவலி மட்டும் முதல் வாரமே வந்துவிடும். அதைத் தாண்டி நன்றாகி, 2018இல் நாலாம் மாதம், ‘இனி எதுக்கு?’ என்று நானாகவே நிறுத்தினேன். தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. கிறுகிறுப்பு வேறு. பழகிப்போய் அடிமையாகிவிட்டேன் என்று பயந்தேன். அது அடிமைத்தனம் இல்லையாம், மெல்ல மெல்லக் குறைக்காததன் விளைவு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். என்னைப்போல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இரண்டு வருஷம், அதற்கு மேலும் எழுதுவார்கள். “மாத்திரை எதுக்கு மாப்ள, இருக்கன்குடிக்கு ஒரு நடை போயிட்டு வா” என்றார் மச்சான். போனேன், ஆத்தாளைக் கும்பிட்டேன், மாத்திரையையும் போட்டேன். தூக்கத்துக்காக ராத்திரி குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது மறுநாளை இன்னும் கெடுக்கும்.

மாத்திரையோடு எனக்குக் கைகொடுத்தது, மனசு வரும்வரை காத்திருக்காமல் வேலையைத் தொடங்குவது. மனசு வந்தால் குளிக்கலாம் என்றால் குளிக்கவே மாட்டோம். ஆலோசகர் முதல் வாரம் கொடுத்தது மூன்றே வேலை: ஆறரைக்கு எழுவது, காலண்டர் தாளைக் கிழிப்பது, தெருமுனை டீக்கடை வரை நடப்பது. கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைக்கு மனசு எப்படி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். ‘2’ என்று எழுதிய நாளிலும் டீக்கடைக்குப் போனேன். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் வாரம்தான் ஒரு தாளில் ‘5’ விழுந்தது.

அந்தத் தாள்களைக் கட்டிவைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் மாதிரிகள் உள்ள ஆல்பம் வெளியிட்டதிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்கு ராப்பகல் கிடையாது. மூன்று தடவையில் இரண்டு அந்த சீசனில்தான் வந்தது, தூக்கம் கெட்டதற்குப் பிறகு. இப்போது முதலாளியிடம் சொல்லி, சீசனிலும் இரவு ஒன்பதுக்குமேல் உட்காருவதில்லை.

நன்றாக இருக்கும்போதே வீட்டம்மாவுடன் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். தாள் மூன்று நாள் கிழிக்காமல் இருப்பது, நாலு மணி விழிப்பு, போனை எடுக்காமல் விடுவது. இதில் இரண்டு சேர்ந்தால் நான் என்ன சாக்கு சொன்னாலும் அவளே டாக்டருக்குப் போன் போடுவாள். உள்ளே இருக்கிறவனுக்கு அது வருவது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அதை வாய்விட்டு ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு 2014இல் வந்தது, சொல்லக் கூச்சப்பட்டு ஒன்பது நாள் சுமந்தேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. அந்த நாட்களில் மாத்திரை அட்டை வீட்டாரிடம் இருக்கட்டும், தனியாகவும் இருக்காதீர்கள்.

போன மாதம் ஒருநாள், “என்னங்க, ரெண்டு நாளாத் தாள் அப்படியே இருக்கு” என்றாள். காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றேன். தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.