புகையிலை இலைத்துண்டில் அக்ரோபாக்டீரியம் வழியே மரபணு செலுத்தும் செய்முறை

ரோஜா, பாதாம் போன்றவற்றில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் முடிச்சு முடிச்சாகக் கழலை வரக் காரணம் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியா. தன் டி.ஐ. பிளாஸ்மிட்டிலிருந்து (கழலையை உண்டாக்கும் வட்ட டி.என்.ஏ.) டி-டி.என்.ஏ. என்ற துண்டை அது செடியின் செல்லுக்குள் அனுப்புகிறது. ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு வளர்ச்சி ஹார்மோன்களை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் இருப்பதால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. ஆய்வக இனங்களில் இந்த மரபணுக்களை நீக்கிவிட்டார்கள். துண்டைக் கடத்தும் விர் மரபணுக்கள் மட்டும் உண்டு. அதனால் அந்த இரண்டு ஹார்மோன்களையும் நாம்தான் ஊடகத்தில் சேர்க்க வேண்டும். கழலைக்குப் பதில் தளிர் வருவது அந்த அளவில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். இந்தியாவில் மரபு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி இது கட்டாயம்.

பாக்டீரியா

எல்.பி.ஏ. 4404 இனமும், செலுத்த வேண்டிய மரபணுக்களைச் சுமக்கும் பிகாம்பியா 2301 பிளாஸ்மிட்டும் பழகுவதற்கு ஏற்ற ஜோடி. இந்தப் பிளாஸ்மிட்டின் கஸ் மரபணுவில் (சாயச் சோதனையில் நீல நிறம் தருவது) இன்ட்ரான் (புரதம் உருவாகுமுன் வெட்டி நீக்க வேண்டிய துண்டு) உண்டு. பாக்டீரியாவால் இன்ட்ரானை வெட்டி நீக்க முடியாது. ஆகவே நீல நிறம் வந்தால் அது செடியின் செல்லிலிருந்துதான் வந்தது.

ஒற்றைக் காலனியை ஒய்.இ.பி. திரவ ஊடகத்தில் (லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 10 கிராம், பெப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம்) ரிஃபாம்பிசின் 25, கானமைசின் 50 மில்லிகிராம்/லிட்டர் சேர்த்து வளர்க்கவும். 28 டிகிரி, நிமிடத்துக்கு 180 சுழற்சி, சுமார் 48 மணி நேரம். ஈ.கோலை வளர்க்கும் 37 டிகிரி ஷேக்கரில் வைத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் சில இனங்கள் டி.ஐ. பிளாஸ்மிட்டையே இழந்துவிடும். ஓ.டி. 600 (பாக்டீரியாவின் அடர்த்தியைக் காட்டும் கலங்கல்) அளவு 0.5 முதல் 0.6 வந்ததும் 4000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, படிவை 3 சதவீத சுக்ரோஸ் உள்ள எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக் என்ற தாவரத் திசு வளர்ப்பு ஊடகம்) திரவத்தில் (பி.எச். 5.5) கலக்கவும். பழைய ஊடகத்தின் ஆன்டிபயாடிக் இலைத்துண்டைத் தொடக்கூடாது என்பதற்காகவே இந்தச் சுழற்றல்.

அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார் சேர்க்கலாம்: 19.6 மில்லிகிராமை 1 மில்லி டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, லிட்டருக்கு 1 மில்லி. காயம்பட்ட செடி வெளிவிடும் இந்தச் சேர்மம்தான் விர் மரபணுக்களை எழுப்புகிறது. புகையிலை தானே இதைச் சுரப்பதால் இது இல்லாமலும் வேலை நடக்கும்; வேறு பயிருக்குப் போகும்போது விடாதீர்கள்.

இலைத்துண்டு

குடுவையில் வளர்ந்த 4 முதல் 6 வார நாற்றின் இளம் இலையே நல்லது. தொட்டிச் செடியானால் 70 சதவீத எத்தனாலில் 30 விநாடி, ஒரு துளி ட்வீன் 20 விட்ட 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம், பிறகு நுண்ணுயிரற்ற நீரில் ஐந்து முறை அலசல். நடுநரம்பை விலக்கி, 1 சென்டிமீட்டர் சதுரமாக, நான்கு பக்கமும் வெட்டுப்படும்படி நறுக்கவும். பாக்டீரியா நுழைவதும் தளிர் வருவதும் வெட்டிய விளிம்பில்தான்.

தளிர் ஊடகம் (லிட்டருக்கு): எம்.எஸ்., சுக்ரோஸ் 30 கிராம், பி.ஏ.பி. (சைட்டோகைனின்) 1 மில்லிகிராம், என்.ஏ.ஏ. (ஆக்சின்) 0.1 மில்லிகிராம், அகார் 8 கிராம், பி.எச். 5.8. சைட்டோகைனின் பத்து மடங்கு மேலோங்கி இருப்பதால் தளிர் வருகிறது. என்.ஏ.ஏ.-யைக் கூட்டினால் வெறும் கால்லஸ்தான் (உருவமற்ற செல் திரள்) திரளும்.

துண்டுகளைப் பாக்டீரியாக் கலவையில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, நுண்ணுயிரற்ற வடிதாளில் ஈரம் போக ஒற்றி எடுத்து, ஆன்டிபயாடிக் இல்லாத தளிர் ஊடகத்தில் 25 டிகிரியில் இரண்டு நாள் இருட்டில் வைக்கவும். பெரும்பாலான தட்டுகள் கெடுவது இந்த இரண்டு நாளில்தான். சரியாக ஒற்றாவிட்டாலோ மூன்றாம் நாளைத் தாண்டினாலோ துண்டைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டும். அதன் பிறகு எந்த மருந்தாலும் பாக்டீரியாவை முழுதாக ஒழிப்பது கடினம்.

தெரிவு

இனி பாக்டீரியாவைக் கொல்லச் செஃபோடாக்ஸிம், மரபணு ஏறாத செல்லைத் தடுக்கக் கானமைசின். இரண்டு நாள் முடிந்ததும் துண்டுகளைச் செஃபோடாக்ஸிம் 500 மில்லிகிராம்/லிட்டர் கலந்த நீரில் அலசி ஒற்றி, கானமைசின் 100, செஃபோடாக்ஸிம் 500 மில்லிகிராம்/லிட்டர் உள்ள தளிர் ஊடகத்துக்கு மாற்றவும். செஃபோடாக்ஸிம் மருந்துக்கடை ஊசிக்குப்பியாகவே கிடைக்கும். 1 கிராமை 4 மில்லி நீரில் கரைத்து, லிட்டருக்கு 2 மில்லி. சூட்டில் சிதையும் பொருள் இது. ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே ஊற்றுங்கள். தட்டிலும் அதன் வீரியம் மெல்லக் குறையும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகம் அவசியம்.

கூடவே இரண்டு ஒப்பீட்டுத் தட்டுகள் வையுங்கள். இவை இல்லாத சோதனையை நம்பவே முடியாது. பாக்டீரியா படாத துண்டு, கானமைசின் இல்லாத தட்டில் தளிர்க்க வேண்டும். தளிர்க்காவிட்டால் கோளாறு ஹார்மோனிலோ இலையிலோ இருக்கிறது. அதே துண்டு கானமைசின் தட்டில் வெளுத்துச் சாக வேண்டும். பச்சையாக நின்றால் கானமைசின் வேலை செய்யவில்லை, அந்தத் தொகுதி முழுதும் வீண்.

மூன்று, நான்கு வாரத்தில் விளிம்பில் பச்சைத் தளிர் எழும். 1 முதல் 2 சென்டிமீட்டர் வந்ததும், கால்லஸ் ஒட்டாமல் வெட்டி, ஹார்மோன் இல்லாத பாதிச் செறிவு எம்.எஸ்.-இல் கானமைசின் 100, செஃபோடாக்ஸிம் 250 மில்லிகிராம்/லிட்டர் சேர்த்து நடவும். தளிர் நிலையில் மரபணு ஏறாதவையும் அண்டைச் செல்களின் தயவில் தப்பிவிடும். வேர் நேராகக் கானமைசினில் இறங்க வேண்டியிருப்பதால் இங்கே அவை பெரும்பாலும் சிக்கிவிடும். ஒரே துண்டின் ஒரே முனையில் வந்த பல தளிர்களைத் தனித்தனி நிகழ்வாக எண்ணாதீர்கள்.

உறுதி செய்தல்

பி.சி.ஆரில் (தேர்ந்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) கானமைசின் எதிர்ப்பு மரபணுவுக்குப் பட்டை தெரிந்தால் மட்டும் போதாது. திசுவுக்குள் பதுங்கிய பாக்டீரியாவும் அதே பட்டையைக் காட்டும். டி-டி.என்.ஏ.-வுக்கு வெளியே உள்ள ஒரு விர் மரபணுவுக்கும் பிரைமர் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டை வரக்கூடாது. எத்தனை பிரதி ஏறியது என்பதைச் சதர்ன் சோதனை சொல்லும்.

வேர்விட்ட செடியை நுண்ணுயிர் நீக்கிய மண்ணில் வைத்துப் பாலித்தீன் மூடி, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கவும். பூங்கொத்துக்கு உறை கட்டி விதை எடுங்கள். கழிவு அனைத்தும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியேற வேண்டும். அடுத்த தலைமுறை விதைகளைக் கானமைசின் தட்டில் தூவினால், ஒரே இடத்தில் மரபணு ஏறிய செடியின் சந்ததி 3 பச்சைக்கு 1 வெளுப்பு என்று பிரியும். 15-க்கு 1 என்றால் தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஏறியிருக்கிறது. தொடர்ந்து வளர்க்க 3-க்கு 1 செடியையே எடுத்துக்கொள்ளுங்கள்.