பிரஷர் மாத்திரைமேல் பழி, வலி மாத்திரைக்கு விடுதலை

உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்பதெல்லாம் கிளினிக் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதை விட்டுவிடுவோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய பட்டணங்களில், புதிதாகப் பிரஷர் மாத்திரை தொடங்குகிறவர்கள் பத்து வருடத்துக்கு முன்னால் தங்கள் அண்ணன்மார் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இங்கே அதிக இடம், ஏனென்றால் டயாலிசிஸ் நாற்காலி வரை கொண்டுபோய் விடக்கூடியது அதுதான்.

வலி மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்காதது

அரசாங்க கிளினிக் மருந்து கவுண்டரில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா ஐயா?"

"இல்லம்மா."

"முட்டிவலிக்கு?"

"அது சும்மா, வலி வந்தா போடுறது."

அந்தச் 'சும்மா' பெரும்பாலும் டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட், இபுப்ரோஃபென், நாப்ராக்சென் இவற்றில் ஒன்றாக இருக்கும். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குத் தோளும் இடுப்பும் வலிக்காத நாள் ஏது? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வருடக்கணக்கில் போகும். ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரிந்திருப்பது தெரிய வரும். உடனே அவர் நிறுத்துவது எதை? பெரிண்டோப்ரில் என்ற பிரஷர் மாத்திரையை. "பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துருச்சு" என்று லைன் வீடு முழுக்கச் சொல்லியும் வைப்பார். சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாத்திரை குப்பைக்குப் போகும். கெடுத்த மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத இடம் இது.

நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே இருக்கும் அழுத்தம்தான் ரத்தத்தை வடிகட்டுகிறது. பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்ட்டான் வகை மாத்திரைகள் வெளிக்குழாயைத் தளர்த்தி, வடிகட்டியின் மேல் விழும் மிகையான அழுத்தத்தைக் குறைக்கின்றன. சிறுநீரில் புரதம் கசிகிறவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. வலி மாத்திரையோ உட்குழாயைச் சுருக்கிவிடும். மேலே வால்வை மூடி, கீழே வடிகாலையும் திறந்துவிட்டால் தொட்டியில் என்ன நிற்கும்? இதோடு சிறுநீர் கூடுதலாகப் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்து, உச்சி வெயிலில் சட்டை பிழிய வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் வேலை செய்தால் தொட்டிக்கு வரும் தண்ணீரே குறைந்துவிடுகிறது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சில நாட்களிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அளப்பது) எகிறலாம். பெரும்பாலும் வலி எதுவும் இருக்காது. சிறுநீர் குறைவது மட்டும்தான் அடையாளம், சிலருக்கு அதுவும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரையும் ஏற்றும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதுவார்.

வயிற்றைக் கெடுக்காது என்று தரப்படும் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் இரண்டும் சிறுநீரக விஷயத்தில் அதே வகைதான். தனியார் கிளினிக்கில் போடும் வலி ஊசியும் பெரும்பாலும் இதே மருந்துதான். ஊசி குத்துமுன் பிரஷர் மாத்திரையைக் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகாமல். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் எட்டே அதிகம், கேட்டுவிட்டு எடுக்கவும். முட்டியில் தடவும் ஜெல்லிலிருந்து ரத்தத்தில் சேர்வது குறைவு. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் அதையும் சொல்லிவிட்டே தடவ வேண்டும்.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நரம்பு மாத்திரை

"ரெண்டே நாள்ல நடக்க வச்சிருச்சு" என்றால் சந்தேகப்படுங்கள். வேரும் இலையும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஸ்டீராய்டும் டைக்லோஃபெனாக்கும் ரகசியமாகக் கலந்த ஜாமு (மூலிகை மருந்து) பற்றி சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி, எட்டு இலக்கம் வந்து, டி எழுத்தில் முடியும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். பிளாஸ்டிக் பையில் எண்ணிப்போட்டுத் தருவதற்கு அது ஏது? மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் உடம்பு தளர்ந்து விழும். பையோடு கிளினிக்குக்குப் போங்கள்.

"கிரியாட்டினின் நார்மல்" என்று நிம்மதியாவது

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 90 மைக்ரோமோல் என்ற ஒரே எண், 25 வயதுக் குலை வெட்டுகிறவருக்கு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு) 100-ஐத் தாண்டும். 70 வயதுப் பாட்டிக்கு 60-ஐத் தொடாது. ஆகவே கேட்க வேண்டியது இஜிஎஃப்ஆர் எண்ணை. கூடவே சிறுநீரில் அல்புமின் (புரதம்)-கிரியாட்டினின் விகிதம்: 3 மி.கி./மில்லிமோலுக்கு மேல் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள், மறுபடி செய்து உறுதிப்படுத்துவார்கள். இஜிஎஃப்ஆர் சரியாக இருக்கும்போதே இந்த எண் ஏறிவிடும்.

மாத்திரை தொடங்கி எண் ஏறியதும் பயந்து நிறுத்துவது

பெரிண்டோப்ரில், லோசார்ட்டான் வகை தொடங்கி ஓரிரு வாரத்தில் ரத்தம் எடுப்பது, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கத்தான். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம்: 100 இருந்தது 125 ஆனால் தொடரலாம், 140 ஆனால் காரணம் தேட வேண்டும். முதலில் தேட வேண்டிய இடம் சட்டைப் பை.

வரட்டு இருமல்

பெரிண்டோப்ரில் வகையால் வரும் இருமல் இது. நீங்களாக நிறுத்தாதீர்கள், லோசார்ட்டானுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வாந்தி பேதி நாளிலும் விடாமல் போடுவது

ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறு. உடம்பில் நீர் வற்றிய நாளில் பெரிண்டோப்ரில், லோசார்ட்டான், நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரலாம். எதை, எத்தனை நாள் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு, மருந்துப் பையின்மேல் எழுதி வையுங்கள்.

தே தாரேக் குடித்த கையோடு அளப்பது

பிரஷர் அளக்குமுன் அரை மணி நேரம் தேநீர், காப்பி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் தோலில் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டு அளவில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அது உயர்வு. 140 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரையைத் தவிர்ப்பது

விரதம் சாப்பாட்டுக்குத்தான். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு வரலாம்.

"சோடியம் குறைந்த" உப்பு

பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சிறுநீரகம் தளர்ந்து, பெரிண்டோப்ரிலும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் ஒரு இளநீர் என்கிறவர்களுக்கும் இதே கதை.

பெலிம்பிங்

நட்சத்திரப் பழம் என்பதும் இதுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஒரு துண்டுகூடத் தொட வேண்டாம். விடாத விக்கல் அதன் முதல் அறிகுறி; அடுத்து குழப்பம், வலிப்பு. பழம் சாப்பிட்ட பின் விக்கல் நிற்கவில்லை என்றால் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புங்கள்.