முற்றத்து உண்ணியும் புல்லோர உண்ணியும்: கரும்புக் காட்டோர வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

அக்டோபரில் முதல் மழை பெய்து, கரும்புக் காட்டின் ஓரத்துப் புல் முழங்கால் உயரம் எழும்பியதும், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் உள்ள தோங்காட் ஊருக்கு மேற்கே எங்களைப் போலக் குடியிருப்பவர்களின் வீடுகளில் உண்ணித் தொல்லை தொடங்கிவிடுகிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் அது மார்ச் முடியும்வரை ஓய்வதில்லை. நாயின் காதுமடலிலோ பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்னாலோ ஓர் உண்ணியைக் கண்டவுடன், கடையில் கிடைத்த மருந்தை வாங்கிவந்து முற்றம் முழுவதும் தெளிப்பதுதான் பலருடைய வழக்கம். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்தேன். புல்வெளியெல்லாம் மருந்து தெளித்தும் உண்ணி குறையவில்லை; ஏனென்றால் எங்கள் வீட்டில் பெருகிய உண்ணி புல்லில் இருக்கவேயில்லை, நாய்க்கொட்டிலின் செங்கல் இடுக்குகளில் இருந்தது.

எந்த உண்ணி என்று அறியாதவரை, எந்த இடத்தில் வேலை செய்யவேண்டும் என்பதும் தெரியாது. ஆகவே இந்தச் செய்முறை மருந்துப் புட்டியிலிருந்து தொடங்காமல், மூடியுள்ள ஒரு சிறு கண்ணாடிக் குப்பியிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: பிடித்துப் பாருங்கள்

குப்பியில் விரலளவு ஸ்பிரிட் ஊற்றிக்கொள்ளுங்கள். கூர்முனையுள்ள இடுக்கி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, தேதி எழுத ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். ஒரு வாரம் வீட்டில் கிடைக்கும் உண்ணிகளையெல்லாம், எங்கே கிடைத்தன என்று எழுதிவைத்துக்கொண்டு, அந்தக் குப்பியில் போடுங்கள். விரலால் நசுக்கவேண்டாம், உண்ணியின் உடலில் உள்ள கிருமி தோல் வெடிப்பு வழியாக நமக்குள் புகக்கூடும்.

நம் பக்கத்தில் ஒரு தொடக்கநிலையாளர் அறியவேண்டிய உண்ணிகள் நான்கு. முதலாவது, எந்தக் கோலமும் இல்லாத செம்பழுப்பு நிறமுடைய பழுப்பு நாய் உண்ணி. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி சாம்பல் நிறமாகி, ஆமணக்கு விதையைப் போலத் தோன்றும். குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்தது என்ற மூன்று பருவங்களிலும் இது நாயையே கடித்து வாழ்கிறது; ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் கீழே இறங்கிச் சுவர் விரிசலுக்குள் ஒளிகிறது. சுவரில் ஏறிப்போகும் உண்ணியைக் கண்டால் அது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது மஞ்சள் நாய் உண்ணி. பார்வைக்கு முதலாவதைப் போலவே இருப்பதால் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். இதன் குஞ்சுகள் வயலெலிகளின் மேல் வளர்ந்து, முதிர்ந்தபின் புல்லிலிருந்து நாயின் மேல் ஏறுகின்றன. மூன்றாவது பான்ட் உண்ணி. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பான்ட்' என்றால் பலநிறம் என்று பொருள். முதுகில் வண்ணக் கோலமும், கால்களில் வெள்ளையும் பழுப்புமான வளையங்களும் இருப்பதால் இதை யாரும் அடையாளம் காணலாம். மனிதரை விரும்பிக் கடிப்பதும் ஆட்டைக் கொல்லும் நோயைக் கொண்டுவருவதும் இதுவே. நான்காவதான நீல உண்ணி பசுமாட்டின் மேலேயே மூன்று பருவங்களையும் கழித்துவிடும். மாடு இல்லாத வீட்டில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கொண்டு வந்த உண்ணி எதுவென்று ஐயம் இருந்தால், குப்பியோடு கால்நடை மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

இரண்டாம் படி: எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

ஒரு மீட்டர் நீள அகலமுள்ள வெள்ளை ஃபிளானல் துணியின் ஒரு விளிம்பை மூங்கில் கோலில் கட்டி, பனி உலர்ந்த காலை வேளையில் புல்லின் மேல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். பத்தடிக்கு ஒருமுறை நின்று துணியைத் திருப்பிப் பாருங்கள். மிளகுத் தூள் சிதறியதுபோல் ஆறு கால் பூச்சிகள் ஒட்டியிருந்தால் அவை குஞ்சு உண்ணிகள். இங்கே எல்லோரும் 'பெப்பர் டிக்' என்று சொல்வது இவற்றைத்தான்.

முதிர்ந்த பான்ட் உண்ணி இந்தத் துணியில் எளிதில் அகப்படாது. அது புல் நுனியில் காத்திருப்பதைவிட, சருகுக்கடியில் கிடந்து, மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவை உணர்ந்ததும் தரையில் ஓடிவந்து ஏறும் வழக்கமுடையது. ஆகவே வெள்ளைக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, ஐயத்துக்குரிய இடத்தில் சில நிமிடங்கள் அசையாமல் நின்று, காலுறையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படி நின்றபோதுதான், முற்றத்தின் நடுவில் ஒன்றும் இல்லாமல், கரும்புக் காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையிலும் மாமரத்தடிச் சருகிலும் அவை மிகுந்திருந்ததைக் கண்டோம். அந்த இரண்டு இடங்களையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டோம். பிறகு செய்த வேலையெல்லாம் அங்கேதான்.

மூன்றாம் படி: கொட்டில் உண்ணியானால்

குப்பியில் இருப்பவை பழுப்பு நாய் உண்ணிகளாகவும், கிடைத்த இடம் சுவரோ நாய்ப் படுக்கையோ ஆகவும் இருந்தால், புல்லை விட்டுவிட்டுக் கொட்டிலைக் கவனியுங்கள். நாயின் விரிப்புகளைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பழைய கோணிப்பையாக இருந்தால் எரித்துவிடலாம். செங்கல் இடுக்குகளையும் கூரைச் சட்டங்களின் பின்புறத்தையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, விரிசல்களைச் சிமெந்துக் கலவையால் அடைத்து, சுவரைச் சுண்ணாம்பு பூசி மூடுங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவது இந்த இடுக்குகளில்தான். வெப்பமான மாதங்களில் முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக வளர ஏறத்தாழ இரண்டு மாதங்களே போதுமாகையால், ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. மருந்து தெளிப்பதாக இருந்தால் சுவரின் மேற்பகுதியையும் விட்டுவிடாதீர்கள். இந்த உண்ணி மேலே ஏறும் இயல்புடையது.

மருந்து வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருந்தும் பூச்சிமருந்தும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். அந்தப் பதிவு எண் லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். தெருவோரத்தில் லேபிள் இல்லாத புட்டியிலோ பொட்டலத்திலோ விற்கப்படும் நஞ்சை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் உயிரிழக்கும் அளவுக்குக் கொடிய வேளாண் நஞ்சுகள் அப்படி விற்கப்படுகின்றன. பினாயில் போன்ற கிருமிநாசினியை நாயின் மேல் ஊற்றிக் குளிப்பாட்டும் வழக்கமும் இங்கே உண்டு. அது தோலைப் புண்ணாக்கும், பூனைக்கோ உயிருக்கே கேடு.

நான்காம் படி: புல்லோர உண்ணியானால்

உண்ணிக்கு வெயிலும் வறட்சியும் பகை. வீட்டைச் சுற்றியுள்ள புல்லை நான்கு விரல் உயரத்துக்கு மேல் வளரவிடாமல் வெட்டி, வெட்டிய புல்லைச் சீவி அள்ளிவிடவேண்டும்; அப்படியே விட்டால் அதுவே ஈரம் காக்கும் போர்வையாகிவிடும். முற்றத்துக்கும் கரும்புக்கும் இடையே ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் தெரியும்படி கொத்திச் சரளை பரப்புங்கள். அதைத் தாண்டி ஒன்றும் வராது என்று நம்பிவிடக்கூடாது. பிள்ளைகள் எந்த இடம் வரை விளையாடலாம் என்பதற்கு அது தெளிவான எல்லையாகிறது. உண்ணிக்கும் அது கடக்க அரிதான வெப்பத் தரை.

விறகு அடுக்கு, கோழித்தீவன மூட்டை, கரும்புத் தோகைக் குவியல் ஆகியவற்றை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கிவையுங்கள். அங்கே எலி குடியேறினால் மஞ்சள் நாய் உண்ணியின் குஞ்சுகளுக்கு உணவு கிடைத்துவிடுகிறது. கினிக்கோழிகள் உண்ணியைத் தின்று தீர்த்துவிடும் என்று எங்கள் ஆயா உறுதியாகச் சொல்வார். அவை சிலவற்றைக் கொத்தித் தின்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டுக் கினிக்கோழியின் தலையிலும் கழுத்திலும் பான்ட் உண்ணியின் குஞ்சுகளே ஒட்டி வளர்கின்றன. ஆகவே அவற்றை நம்பி மற்ற வேலைகளை விட்டுவிடவேண்டாம்.

புல்லுக்குத் தீ வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. சருகுக்கடியிலும் மண் வெடிப்பிலும் இருக்கும் உண்ணிகள் பல தப்பிவிடுகின்றன. கரும்புக்குப் பரவினாலோ இழப்பு பெரிது.

ஐந்தாம் படி: நாய்

நாய்க்கு மருந்து கொடுப்பதை உண்ணி கண்ணில் படும் நாளில் செய்யாமல், நாட்காட்டியில் குறித்த நாளில் செய்யுங்கள். இப்போது கிடைக்கும் மாத்திரைகளில் சில ஒரு மாதமும், சில ஏறத்தாழ மூன்று மாதங்களும் காக்கின்றன. உண்ணி கடித்தபின்தான் அவை அதைக் கொல்லும் என்பதால், ஓர் உண்ணியைக் கண்டவுடன் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டவேண்டாம். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். மாட்டை உண்ணிக்காகக் குளிப்பாட்டும் டிப் மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து நாய்க்குப் பயன்படுத்தாதீர்கள். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. அமிட்ராஸ் என்ற உண்ணிமருந்து பூனைக்கும் குதிரைக்கும் ஆகாது.

பிலியரி என்று இங்கே எல்லோரும் அறிந்த நோய்க்கு ஒவ்வொரு கோடையிலும் எத்தனையோ நாய்கள் இறக்கின்றன. உண்ணி வழியாகப் புகும் ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதே அதன் காரணம். நாய் ஒருவேளை உணவை மறுத்துச் சோர்ந்து படுத்தால், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கருத்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். நாளை பார்க்கலாம் என்று நாங்கள் ஓர் இரவு தாமதித்து, பன்னிரண்டு ஆண்டு எங்களோடு இருந்த நாயை இழந்தோம். ஆகவேதான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஆறாம் படி: ஆடு

ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பங்கள் சில ஆட்டுக்கிடாயைச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கி வளர்ப்பதுண்டு. கரூ போன்ற வறண்ட பகுதியிலிருந்து வந்த ஆடு பான்ட் உண்ணியையே பார்த்திருக்காது. நம் புல்லில் விட்ட இரண்டு மூன்று வாரங்களில் அதற்குக் கடுங்காய்ச்சல் கண்டு, கால்களை உயரத் தூக்கி நடந்து, வட்டமிட்டு, விழுந்து துடித்து இறந்துவிடலாம். இதயத்தைச் சுற்றி நீர் கோப்பதால் ஹார்ட்வாட்டர் என்று பெயர் பெற்ற இந்த நோயைப் பான்ட் உண்ணிதான் பரப்புகிறது என்பதை, கேப் காலனியின் பூச்சியியல் அறிஞர் சார்ல்ஸ் லவுன்ஸ்பரி 1900ஆம் ஆண்டிலேயே நிறுவினார்.

எனவே ஆட்டை வாங்கும்போது எந்த ஊரில் வளர்ந்தது என்று கேளுங்கள். பக்கத்து ஊர் ஆடே நல்லது. வாரம் ஒருமுறை குளம்பிடுக்கு, மடி, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பான்ட் உண்ணியின் வாயுறுப்பு நீளமானதால் கடிவாய் சீழ்பிடித்து ஆடு நொண்டுவதும் உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாளிலேயே ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி போட்டால் ஆடு பிழைக்கக்கூடும். கால் தடுமாறத் தொடங்கியபின் நம்பிக்கை குறைவு. பூசைக்கென வளர்க்கும் ஆடானால், ஊசி போட்ட நாளிலிருந்து இறைச்சியை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்று லேபிளில் உள்ள கணக்கையும் மறக்காதீர்கள்.

ஏழாம் படி: நம் உடம்பு

தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. உண்ணியும் அப்போதுதான் மிகுதி. ஆற்றங்கரைப் புல்லில் வெறுங்காலோடு நின்று காவடி எடுப்பவர்களுக்குக் காலுறை போடச் சொல்ல முடியாது. ஆனால் வீடு திரும்பியவுடன் குளித்து, உடல் முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம். பிடரி, காதின் பின்புறம், அக்குள், தொப்புள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு என்ற வரிசையில் பாருங்கள். பிள்ளைகளின் தலைமுடிக்குள் விரல்விட்டுத் தடவுங்கள். உடைகளைக் குறைந்தது 54 டிகிரி சூடுள்ள நீரில் துவையுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சி, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், சீராக நேர்மேலே இழுங்கள். சோப்பு நீரால் கழுவி, உண்ணியைக் குப்பியில் போட்டு, தேதியையும் கடித்த இடத்தையும் எழுதிவையுங்கள்.

அடுத்த இரண்டு வாரங்கள் கவனமாக இருக்கவேண்டும். ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் கடிவாயில் கருத்த பொருக்கு தோன்றி, அக்குளிலோ அரையிலோ நெறிகட்டி, தலைவலியும் காய்ச்சலும் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை ஒன்றும் காட்டாமலிருக்கக்கூடும் என்பதால், பொருக்கையும் தேதியையும் பார்த்தே அவர் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்குவது வழக்கம். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது கடுமையாகலாம். காய்ச்சலோடு மூக்கிலோ ஈறிலோ இரத்தம் கசிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மார்ச் கழிந்து பெரிய உண்ணிகள் கண்ணில் படுவது குறைந்ததும் வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் குஞ்சு உண்ணிகள் புல்லில் கொத்துக்கொத்தாக ஏறி நிற்கின்றன. குறிப்பேட்டில் வரைந்த அதே இரண்டு இடங்களில் வாரம் ஒருமுறை துணியை இழுத்துப் பார்த்து, ஒட்டியவற்றை ஒட்டுநாடாவால் எடுத்து மடித்து எறியுங்கள்; நாயின் மாத்திரை நாளையும் ஜூலை வரை தவறாமல் குறித்துவையுங்கள்.