சில்க்கிச் சேவல்களில் எதை வைத்துக்கொள்வது? வீட்டு வளர்ப்புக்கு ஒரு செய்முறை

ஓர் அடை பொரித்தால் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும். ஐந்தாறு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதியில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி, பஞ்சுபோன்ற இறகுள்ள சில்க்கிக் கோழி வளர்க்கும் எல்லோருக்கும் வரும். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான் செய்துவரும் முறையை அப்படியே எழுதுகிறேன். தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அவசரப்படாதீர்கள்

சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழியின் குஞ்சில் சேவலா பெட்டையா என்று இரண்டு மூன்று மாதத்தில் தெரிவது, சில்க்கியில் ஐந்தாறு மாதம் ஆனாலும் குழப்பும். குடுமியைப் பாருங்கள். பெட்டைக்கு உருண்டையாக நிற்கும். சேவலுக்கு அதிலிருந்து சில இறகுகள் பின்பக்கமாக நீண்டு விழும், கொண்டையும் பெருக்கும். கூவிவிட்டால் சந்தேகமே இல்லை. எட்டு மாதம் ஆகும்வரை இரண்டு மூன்று சேவலையாவது கையில் வைத்திருங்கள்.

2. முதலில் கழிக்க வேண்டியவை

காலுக்கு ஐந்து விரல் இருக்க வேண்டும். ஐந்தாவது விரல் நான்காவதோடு ஒட்டாமல், தனியாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இதைப் பொரித்த அன்றே பார்த்துவிடலாம். கொண்டை மடிப்பு மடிப்பாக, உருண்டையாக, நாவல்பழ நிறத்தில் இருப்பதுதான் சரி. ரம்பப் பல் போல நிமிர்ந்து நின்றால் எங்கேயோ கலப்பு நடந்திருக்கிறது. இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். இறகு வெள்ளையாக இருந்தாலும் தோல் கருநீலமாகத்தான் இருக்க வேண்டும்.

சந்தைக்குக் கொண்டுவரும் சேவலை வாங்கினால் இந்த மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். வெயிலில், கூடைக்குள் இருக்கும் கோழியைப் பார்த்து விலை பேசாதீர்கள். கையில் எடுத்துத்தான் பேச வேண்டும்.

3. குணம்

சில்க்கி சாதுவான இனம். காலைக் கொத்த ஓடிவரும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். தீனி போட்டதும் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்னும்வரை பொறுத்து நிற்கும் சேவல் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வையுங்கள்.

4. கரு கூடுகிறதா? இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

அழகும் குணமும் இருந்து, அடையில் வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையானால் என்ன பயன்? சில்க்கியில் இது அடிக்கடி நடக்கும். காரணம் பெரும்பாலும் சேவலின் ஆண்மைக்குறைவு இல்லை, இறகுதான். இரண்டுக்கும் பின்புறம் பஞ்சுபோல அடர்ந்திருப்பதால் சேவல் மிதித்தாலும் சரியாகச் சேராது. எச்சத் துவாரத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகைக் கத்தரித்துவிடுங்கள், சேவலுக்கும் பெட்டைக்கும். பிடுங்கக் கூடாது. நான் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல்தான் வைத்திருக்கிறேன். மின்சார டிரிம்மர் சத்தத்துக்குக் கோழி துள்ளும், தோலில் பட்டுவிடும். குடுமி கண்ணை மறைத்தால் அதையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். கண் தெரியாத சேவல் பெட்டையை எப்படி நெருங்கும்?

அப்புறம் சோதனை. ஒரு சேவலைப் பெட்டைகளோடு விட்டு இரண்டு வாரம் கழித்து முட்டை எடுங்கள். அடை வைக்க வேண்டியதில்லை. ஆம்லெட்டுக்கு உடைக்கும்போதே பார்க்கலாம். மஞ்சள் கருவின்மேல் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரே கெட்டியாக இருந்தால் கரு கூடவில்லை. நடுவில் தெளிவாக, சுற்றி வட்டமாக வளையம் போட்டதுபோல் 4 மில்லிமீட்டர் அளவில் தெரிந்தால் கூடியிருக்கிறது. அந்தப் புள்ளி அடியில் போய்விட்டால் மஞ்சள் கருவை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்த சேவலைச் சோதிக்கும்முன் மூன்று வாரம் எந்தச் சேவலும் இல்லாமல் விடுங்கள். இதை விட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்புக்குள் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். புதுச் சேவல் நல்லது என்று நினைப்பீர்கள், முட்டையில் இருப்பது பழையதன் கருவாக இருக்கும். சித்திரை வெயிலிலும் இந்தச் சோதனை வேண்டாம். சூட்டில் எல்லாச் சேவலுக்கும் கரு கூடுவது குறையும்; ஆடிக் காற்று வரட்டும்.

எது எந்தச் சேவல் என்று தெரிய வண்ணப் பிளாஸ்டிக் வளையம் போடலாம். சுருள் வளையம் வேண்டாம், கால் இறகில் சிக்கிக்கொள்ளும். பட்டை வளையம்தான் சரி. ஒரு நோட்டில் தேதி எழுதுங்கள். செல்போன் ஆப்பைவிட நோட்டுதான் கோழிக் கூண்டுக்குத் தோது.

5. உறவு பார்ப்பது

ஒரே அடையில் பொரித்த சேவலையும் பெட்டையையும் ஜோடி சேர்க்காதீர்கள். அடுத்த ஊரில் வளர்ப்பவரோடு சேவலை மாற்றிக்கொள்வதுதான் செலவில்லாத வழி.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஏனுங்க அண்ணா, எங்ககிட்ட சிறுவிடைப் பெட்டைதானுங்க இருக்குது, சில்க்கிச் சேவல் விட்டா பஞ்சுக் குஞ்சு வருமுங்களா?" முதல் தலைமுறையில் வராது. பஞ்சு இறகு ஒடுங்கிய பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அந்தக் கலப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று பஞ்சாக வரும். கலப்புப் பெட்டையைத் திரும்பச் சில்க்கிச் சேவலுக்கே விட்டால் பாதி வரும். அதற்கு முதல் சேவலின் உறவில்லாத வேறு சேவலாகப் பாருங்கள்.

இன்னொருவர் பெரிய நாட்டுக்கோழியான பெருவிடையோடு ஒரே பட்டியில் விடலாமா என்று கேட்டிருந்தார். விடவே விடாதீர்கள். பல சில்க்கிகளுக்கு உச்சந்தலையில் குமிழ்போல ஒரு மேடு இருக்கும், அந்த இடத்தில் மண்டையோடு முழுதாக மூடியிருக்காது. அங்கே ஒரு கொத்து விழுந்தால் செத்துவிடும். ஐப்பசி மழைக்கும் தனிக் கூரை வேண்டும். இறகின் இழைகளைப் பிணைக்கும் கொக்கிகள் சில்க்கிக்கு இல்லை, தண்ணீர் நேராகத் தோல்வரை இறங்கிவிடும். நனைந்த கோழியை உடனே துடைத்து, பல்பு வெளிச்சத்தில் வைத்துக் காயவிடுங்கள்.