காரணியம் வரும் எல்லைகள்: n பெரிதாகும்போது எங்கே பிடித்துத் தொடங்குவது

திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. கிணற்றுக்கு ஒரு வாளி என்று ஏழிலும் அள்ளிக் குளிப்பவர், எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசையை 7! (7 இன் காரணியம், அதாவது 1 × 2 × ... × 7) = 5040 விதமாக அமைக்கலாம். போன கிணற்றுக்கே திரும்பவும் போகலாம் என்றால் ஏழு வாளிக்கு 7⁷ = 823543 விதம். கிணற்றை எழுமாறாகத் தெரிந்தால் ஏழு வாளியும் ஏழு வெவ்வேறு கிணற்றில் விழும் நிகழ்தகவு 5040/823543, ஏறத்தாழ 0.0061. கிணறும் வாளியும் n என்றாகி n வளர்ந்துகொண்டே போனால் n!/nⁿ என்ன ஆகும்? 0 ஆகும் என்று யாரும் ஊகிப்பார்கள். அதை எழுதிக் காட்டும் இடத்தில்தான் புள்ளி போகிறது.

உயர்தர வகுப்பில் n! என்றால் வரிசைமாற்றம், சேர்மானம், ஈருறுப்பு விரிவு. அங்கே n ஒரு நிலையான எண். எல்லைக்குள் வரும்போது n உம் நகர்கிறது, பெருக்கப்படும் காரணிகளின் எண்ணிக்கையும் கூடவே நகர்கிறது. பெருக்கத்தின் எல்லை எல்லைகளின் பெருக்கம் என்ற விதி, குறித்த எண்ணிக்கையான காரணிகளுக்கு மட்டுமே செல்லும். (1 + 1/n) ஐ n தடவை பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு காரணியும் 1 இற்குப் போகிறது, பெருக்கமோ e = 2.718... இற்குப் போகிறது. காரணியக் கணக்குகளில் வரும் பிழைகளில் பாதி இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

முதலில் வெட்ட முடிந்ததை வெட்டுங்கள். சின்னக் காரணியத்தை அப்படியே வைத்து, பெரியதை அதுவரை விரித்தால் போதும். உதாரணமாக

[(n+2)! + n!] ÷ [(n+2)! − (n+1)!]

மேலும் கீழும் n! ஆல் வகுத்தால் தொகுதி (n+2)(n+1) + 1, பகுதி (n+2)(n+1) − (n+1) = (n+1)². ஆகவே எல்லை 1. இதற்கு வேறு கருவி எதுவும் வேண்டாம்.

இந்த இடத்தில் வழக்கமாக வழுக்குவது (2n)! இல். அது 2 × n! அல்ல; n = 3 இற்கு ஒன்று 720, மற்றது 12. n இற்குப் பதில் n+1 போட்டால் (2n)! என்பது (2n+2)! ஆகும், (2n+1)! ஆகாது. அதாவது (2n+2)(2n+1) என இரண்டு காரணிகள் புதிதாக வரும். ஒன்றை விட்டுவிட்டால், (2n)!/(n!)² போன்றவற்றில் அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்ததன் எல்லை 4 என்று வரவேண்டிய இடத்தில் 0 வந்து நிற்கும்.

வெட்ட முடியாதபோது நெருக்கிப் பார்க்கலாம். n!/nⁿ ஐ (1/n)(2/n)(3/n)...(n/n) என்று பிரித்து எழுதுங்கள். எந்தக் காரணியும் 1 ஐத் தாண்டாது, முதற்காரணி 1/n. எனவே முழுப் பெருக்கமும் 0 இற்கும் 1/n இற்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. ஒரே வரியில் முடிந்தது. “எல்லாக் காரணியும் 0 இற்குப் போகிறது” என்று எழுதினால் தவறு, கடைசிக் காரணி எப்போதும் 1.

இனி விகிதம். அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்து, அந்த விகிதத்தின் எல்லையைப் பாருங்கள். அது 1 இலும் குறைந்தால் நேர் உறுப்புகள் 0 இற்குப் போகும். 1 இலும் கூடினால் முடிவிலிக்குப் போகும். 100ⁿ/n! இற்கு விகிதம் 100/(n+1), அதன் எல்லை 0. விடையும் 0. ஆனால் இதைக் கல்குலேட்டரில் சரிபார்க்கப் போனால் பயந்துவிடுவீர்கள். n = 100 இல் பெறுமானம் ஏறத்தாழ 10⁴²; n = 269 ஆகும்போதுதான் முதன்முதலாக 1 இற்குக் கீழே இறங்குகிறது. அதுவரை போக வழக்கமான கல்குலேட்டரால் முடியாது: 69! வரைதான் காட்டும், 70! என்பது 10¹⁰⁰ ஐத் தாண்டிவிடுவதால் பிழை என்று சொல்லும். முதல் பத்து உறுப்புகளைப் பார்த்து எல்லையை ஊகிக்கும் பழக்கத்தை இந்த ஒரு கணக்கே உடைத்துவிடும்.

வளரும் வேகத்தின் ஒழுங்கு மனதில் இருக்கட்டும்: மடக்கை மிக மெதுவானது, அதற்கு மேல் n இன் நிலையான அடுக்கு, அதற்கு மேல் aⁿ (a > 1), அதற்கு மேல் n!, எல்லாவற்றிற்கும் மேல் nⁿ. ஆனால் n! ஐ வர்க்கித்தால் ஒழுங்கு மாறும்: (n!)² ≥ nⁿ. முன்னிருந்து k ஆவது காரணியையும் பின்னிருந்து k ஆவதையும் சோடி சேர்த்தால் k(n+1−k), இதிலிருந்து n ஐக் கழித்தால் (k−1)(n−k), அது ஒருபோதும் மறையாகாது. இதிலிருந்து n! இன் n ஆம் மூலம் √n இலும் குறையாது என்று வருகிறது. “n ஆம் மூலம் எடுத்தால் எல்லாம் 1 இற்குப் போய்விடும்” என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில். நிலையான எண்ணுக்கும் n⁵ இற்கும் அது சரி, n! இற்குச் சரியல்ல.

அந்த மூலம் எவ்வளவு பெரிது? (n!)^(1/n) ÷ n ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது n!/nⁿ இன் n ஆம் மூலம். நேர் உறுப்புகளின் விகிதத்திற்கு எல்லை இருந்தால் n ஆம் மூலத்திற்கும் அதே எல்லைதான். n!/nⁿ இன் விகிதம் சுருங்கி 1/(1 + 1/n)ⁿ ஆகும். ஆகவே எல்லை 1/e, ஏறத்தாழ 0.3679. கன்னியாவின் 7 ஐப் போட்டால் 0.483, 100 ஐப் போட்டாலும் 0.380 தான். மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்பட்டு 0.4 என்று எழுதிவிடாதீர்கள். இதே வழியில் (2n)! ÷ (n! nⁿ) இன் n ஆம் மூலத்தைச் செய்து பாருங்கள், விகிதம் 2(2n+1)/(n+1) ஐ அதே e உடைய துண்டால் பெருக்கியதாக வரும், விடை 4/e.

விகிதம் சரியாக 1 இற்கே போனால் இந்தக் கருவி வாய்மூடிவிடும். (2n)! ÷ [(n!)² 4ⁿ] அப்படியொன்று. 2n தடவை நாணயம் சுண்டினால் சரிபாதி தலை விழும் நிகழ்தகவு அது. விகிதம் (2n+1)/(2n+2). எல்லை 1, ஆகவே இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கேதான் ஸ்ரேர்லிங்கின் அண்ணளவு:

n! ≈ √(2πn) × (n/e)ⁿ

இதன் வடிவத்தை டி மொய்வர் கண்டார். அதிலுள்ள மாறிலி √(2π) என்று 1730 இல் காட்டியவர் ஸ்ரேர்லிங். நாணயக் கணக்கில் இதைப் போட்டால் (n/e) துண்டுகளும் 4ⁿ உம் முழுதாக வெட்டுப்பட்டு 1/√(πn) மிஞ்சும். எல்லை 0. 100 சுண்டலுக்கு, அதாவது n = 50 இற்கு, இது 0.0798 தருகிறது, உண்மையான பெறுமானம் 0.0796. ஸ்ரேர்லிங் படிக்காதவர்கள் உறுப்பை (1/2)(3/4)(5/6)... என்று எழுதி, ஒவ்வொரு காரணியின் வர்க்கமும் (2k−1)/(2k+1) ஐத் தாண்டாது என்று காட்டினால், முழு வர்க்கமும் 1/(2n+1) இற்குள் அடங்கிவிடும். எல்லை மட்டும் கேட்டால் இந்த வழியே அழகு.

√(2πn) ஐ எப்போது விடலாம் என்பதில் குழப்பம் அதிகம். n ஆம் மூலத்துக்குள் அது 1 இற்குப் போவதால் விட்டுவிடலாம். நாணயக் கணக்கில் விட்டீர்களென்றால் விடை 1 என்று வரும், முழுப் பிழை.

இன்னொரு பொறி கழித்தல். ≈ என்பது விகிதம் 1 இற்குப் போகிறது என்ற அர்த்தம் மட்டுமே. 7! இற்கு ஸ்ரேர்லிங் 4980 தருகிறது, 60 குறைவு, 1.2 சதவீதம். 10! இற்கு 3598696, பிழை 0.83 சதவீதமாகக் குறைகிறது, ஆனால் வித்தியாசம் 30000 ஐத் தாண்டிவிடுகிறது. எனவே பெருக்கலிலும் வகுத்தலிலும் பிரதியிடுங்கள். இரண்டு பெரிய காரணியங்கள் கழிபடும் இடத்தில் தொடாதீர்கள். n ஆம் அடுக்குக்குள்ளும் கவனம்: (1 + 1/n) ≈ 1 என்று போட்டு n ஆம் அடுக்கு எடுத்தால் e காணாமற்போகும்.

கூட்டுத்தொகைக்குத் தனிக் கவனம் வேண்டும். (1! + 2! + ... + n!) ÷ n! இன் எல்லை 1. கடைசி உறுப்பு 1, அதற்கு முந்தியது 1/n. மிஞ்சும் n−2 உறுப்புகளும் ஒவ்வொன்றும் (n−2)!/n! = 1/[n(n−1)] ஐத் தாண்டாது. ஆகவே மொத்தம் 1 இற்கும் 1 + 2/n இற்கும் இடையே. “மற்ற எல்லாம் 0 இற்குப் போகும், எனவே 1” என்று எழுதினால் விடை சரிதான், காரணம் பிழை. உறுப்புகளின் எண்ணிக்கையும் வளர்கிறதே.

கடைசியாக, கல்குலேட்டரை முழுதாக ஏமாற்றும் ஒன்று: n × சைன்(2π e n!), கோணம் ஆரையனில். e = 1 + 1/1! + 1/2! + ... என்று விரித்து n! ஆல் பெருக்கினால் n! வரையான உறுப்புகள் எல்லாம் முழு எண்ணாகும். மிச்சம் 1/(n+1) + 1/[(n+1)(n+2)] +... மட்டும். 7! இற்கு e × 5040 = 13700.1404, தசமப் பகுதி 1/8 + 1/72 + 1/720 + ... உடன் ஒத்துப்போகிறது. முழு எண் பகுதியை சைன் விழுங்கிவிடும். மிச்சம் n ஆல் பெருக்கப்பட்டு 1 இற்குப் போவதால் எல்லை 2π. n = 7 இல் 5.41, n = 20 இல் 6.17. இரண்டாவதைத் தாளில்தான் பெறலாம். e × 20! இல் தசமப் புள்ளிக்கு முன்னாலேயே 19 இலக்கங்கள் உண்டு. 15 இலக்கம் அளவில் வைத்துக் கணிக்கும் கருவியில் தசமப் பகுதி எப்போதோ போய்விட்டிருக்கும், திரையில் வருவது வெறும் குப்பை.