பத்தமடைப் பாய் நிறத்தில் பாபிள் பின்னல்: புதிதாகக் குரோஷா பழகுவோருக்கு

பாபிள் பின்னலைப் பார்த்ததுமே "இதெல்லாம் நமக்கு வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சுண்டைக்காய் அளவில் உருண்டை உருண்டையாகப் புடைத்து நிற்பதால் வரும் பயம் அது. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவின் அடிப்படைப் பின்னல்களான சங்கிலி, சிங்கிள், டபுள் மூன்றும் ஓரளவு கைக்கு வந்திருந்தால் போதும், இதைப் பின்னிவிடலாம். சூட்சுமம் ஒன்றுதான். உருண்டை வரும் வரிசையை எப்போதும் துணியின் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்போது பின்ன வேண்டும். உருண்டை நம் பக்கம் வராது, அந்தப் பக்கம் போய்த்தான் புடைக்கும்.

நம் நெல்லைப் பக்கத்துக்குப் பின்னல் வேலை புதிதில்லை. 1844-ல் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா, அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதற்குத் திண்டும் நிறைய நூல்கட்டைகளும் வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசி போதும், பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் பின்னலாம்.

என்ன வாங்குவது?

தையல் சாமான் கடையில் பொதுவாகக் குரோஷா ஊசி என்று கேட்டால் மெல்லிய இரும்பு ஊசியை எடுத்துத் தருவார்கள். அது மெல்லிய நூலில் மேசை விரிப்பு பின்னுவதற்கு. 4 மி.மீ. ஊசி என்று சொல்லிக் கேளுங்கள். நூல் அந்த ஊசிக்குப் பொருந்தும் நடுத்தரக் கனத்தில் இருக்கட்டும். உல்லன் என்று கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூல் விலை குறைவு, பழகுவதற்கு அதுவே போதும். ஆனால் நம்மூர் வெயிலில் கை வியர்த்தால் ஊசியில் ஒட்டி இழுக்கும். பருத்தி நூல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சட்டி பிடிக்கும் துணி பின்னுவதாக இருந்தால் பருத்திதான், வேறு பேச்சே கிடையாது. அக்ரிலிக் உல்லன் சூட்டில் உருகிவிடும்.

நிறத்துக்கு நான் பத்தமடைப் பாயைத்தான் பார்த்தேன்: கோரையின் வெளிர் நிறம், சிவப்பு, பச்சை. மூன்று நிறமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். எல்லாமே அடர் நிறமாக எடுத்தால் உருண்டையின் நிழல் தெரியாது, பாடுபட்டதற்குப் பலன் இருக்காது. ஒன்றாவது வெளிராக இருக்கட்டும்.

அடிப்பின்னல்

வெளிர் நூலில் 24 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். மொத்தம் 23 கண்ணி வர வேண்டும். இதுதான் முதல் வரிசை, துணியின் முன்பக்கம். மறந்துபோகாமல் இருக்க இந்தப் பக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள்.

வீடியோ பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சொல்வது அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் போட்டிருப்பார்கள்.

உருண்டை

ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்புங்கள். இப்போது ஊக்கு அந்தப் பக்கம் இருக்கும். முதல் மூன்று கண்ணியில் மூன்று சிங்கிள். நான்காவது கண்ணியில்தான் உருண்டை.

ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றி, கண்ணிக்குள் விட்டு நூலை இழுங்கள். ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டு வளையத்துக்குள் மட்டும் இழுத்துவிட்டு நிறுத்துங்கள். மிச்சம் இரண்டு வளையம். டபுளை முடிக்காமல் பாதியில் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதே கண்ணியில் இதையே இன்னும் நான்கு தடவை செய்தால் ஊசியில் ஆறு வளையம் சேர்ந்திருக்கும். நூலைப் பிடித்து ஆறுக்குள்ளும் ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள்.

இந்தக் கடைசி இழுப்பில்தான் புதியவர்கள் திணறுவார்கள். ஊசி நாலாவது வளையத்தில் சிக்கி நிற்கும். வளையங்களை இறுக்கிப் போட்டதுதான் காரணம். ஒவ்வொரு தடவையும் நூலைக் கொஞ்சம் உயரமாக, தாராளமாக இழுத்து வையுங்கள். இழுக்கும்போது ஊசியின் கொக்கி கீழ்நோக்கி இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம், அடுத்த கண்ணியில் போடும் சிங்கிளை மட்டும் இறுக்கிப் போடுங்கள். அதுதான் உருண்டையை மடக்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது. தள்ளாவிட்டால் விரலால் குத்திவிடுங்கள், தப்பில்லை.

உருண்டைக்குப் பின் மூன்று சிங்கிள், மறுபடி உருண்டை. இப்படியே போனால் இந்த வரிசையில் ஐந்து உருண்டை வரும், கடைசியில் மூன்று சிங்கிள்.

நிறம் மாற்றுவது

உருண்டை வரிசையின் கடைசி சிங்கிளில் இரண்டு வளையம் மிச்சம் இருக்கும் இடத்தில் வெளிர் நூலை விட்டுவிட்டு, சிவப்பு நூலைப் பிடித்து இழுத்து முடியுங்கள். சிங்கிளை முழுக்க முடித்த பிறகு மாற்றினால் புதிய வரிசையில் பழைய நிறம் ஒரு புள்ளியாக எட்டிப்பார்க்கும்.

வெளிர் நூலை வெட்ட வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு வரிசை என்பதால் நிறம் மாறும் இடம் எப்போதும் ஒரே ஓரத்தில்தான் வரும். சும்மா இருக்கும் நூல்களை அந்த ஓரத்திலேயே பின்னும் நூலோடு ஒரு முறுக்கு முறுக்கி மேலே கொண்டுபோகலாம். இழுத்துப் பிடித்தால் ஓரம் சுருங்கும், தளர்வாக விடுங்கள்.

மூன்றாம் வரிசை சிவப்பில் 23 சிங்கிள். உருண்டையின் தலையும் ஒரே ஒரு கண்ணிதான். அதைத் தாண்டினாலோ, அதில் இரண்டு போட்டாலோ கணக்கு கெட்டுவிடும். ஆகவே இந்த வரிசையின் முடிவில் எண்ணுவது கட்டாயம். துணி போகப் போகக் குறுகினால், திருப்பியதும் வரும் முதல் கண்ணியை விடுகிறீர்கள் என்று பொருள்.

நான்காம் வரிசையில் உருண்டைகள் இடம் மாறும்: ஒரு சிங்கிள், ஓர் உருண்டை, பிறகு மூன்று சிங்கிளும் ஓர் உருண்டையுமாக ஐந்து முறை, கடைசியில் ஒரு சிங்கிள். மொத்தம் ஆறு உருண்டை, கீழ் வரிசை உருண்டைகளின் இடைவெளியில் வந்து உட்காரும். அடுத்து பச்சையில் முதல் இரண்டு வரிசையைப் போல. பிறகு வெளிர் நிறத்தில் மூன்றாம், நான்காம் வரிசையைப் போல. இப்படியே நிறமும் உருண்டையின் இடமும் மாறி மாறிப் போனால் 12 வரிசையில் ஒரு சுற்று முடியும்.

அகலம் சுமார் 14 செ.மீ. வரும். டம்ளர் வைக்க இது சரிப்படாது, உருண்டை மேல் டம்ளர் ஆடும். நீளமாகப் பின்னி, முன்பக்கங்கள் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்துத் திருப்பினால் நல்ல சில்லறைப் பை. நூல் நிறையப் பிடிக்கும், சாதாரணப் பின்னலுக்கு வாங்குவதைவிடக் கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்.

சிவப்புப் பருத்தி நூல் சாயம் விடலாம். பின்னத் தொடங்கும் முன் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். முடித்த பையைத் தனியாக அலசி, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். அயர்ன் பெட்டி மட்டும் வேண்டாம், உருண்டையெல்லாம் சப்பையாகிவிடும்.