மீன் நஞ்சும் அடுப்புச் சூடும்: நம் கரையில் நடக்கும் தவறுகள்

பாம்பனில் பெரியம்மா வீட்டில் அன்று சூரைக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் முகமும் கழுத்தும் குங்குமம் பூசியதுபோல் சிவந்துவிட்டன. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் நமைச்சல். "தளதளவென்று கொதித்த குழம்புதானே, அதில் என்ன இருக்கப்போகிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காலையில் வாங்கிய மீன் மதியம் வரை கூடையிலேயே கிடந்திருந்தது, ஒரு துண்டு ஐஸ்கூட இல்லாமல்.

கொதித்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கைதான் பெரிய தவறு. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. செத்த மீன் வெயிலில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியா பெருகி அதை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். பெரியம்மாவின் சிவப்பும் நமைச்சலும் அதனால்தான். கொதி பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் பாக்டீரியா உண்டாக்கி வைத்த ஹிஸ்டமினை அழிக்காது. பொரித்தாலும், பிறகு ஐஸில் புதைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். மிஞ்சி வாடிய சூரையைக் கருவாடு போட்டாலும் இதே கதைதான். உப்பு இனிமேல் கெடுவதைத் தடுக்கும், ஏற்கெனவே சேர்ந்ததை எடுத்துவிடாது.

மூக்கை மட்டும் நம்புவதும் ஆபத்து. நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் சேர்ந்திருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகைக் கடித்ததுபோல் நாக்கு சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள். ஆனால் எல்லா நேரமும் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

ஐஸ் விலையை நினைத்துக் குறைத்துப் போடுகிறார்கள், அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். உடைத்த ஐஸை மீனுக்கு அடியிலும் இடையிலும் மேலும் பரப்ப வேண்டும். மேலாக இரண்டு கட்டியை வைத்தால் அடியில் உள்ள மீன் சூட்டில் கெட்டுப்போகும். மீன் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் ஹிஸ்டமின் சேர்வது அடங்கும்.

பெரியம்மா விஷயத்தில் இன்னொரு தவறும் நடந்தது. அலர்ஜி மாத்திரையில் மாலைக்குள் சரியானதும், தனக்குச் சூரையே ஆகாது என்று முடிவு செய்து பல வருடம் ஒதுக்கிவிட்டார். குற்றம் அவர் உடம்பில் இல்லை, கூடையில் இருந்தது. அதற்காக எல்லாச் சிவப்பையும் இதுதான் என்று வீட்டிலேயே தீர்மானிக்கவும் கூடாது. மூச்சு முட்டினால், தொண்டை வீங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பந்துபோல் உப்பும் பேத்தை மீனைத் தோலுரித்துச் சமைத்தால் ஒன்றும் செய்யாது என்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். அதன் ஈரலிலும் சினையிலும் அதிகமாக இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சை அழிக்க அடுப்புச் சூடு போதாது, மாற்று மருந்தும் கிடையாது. உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி. பிறகு மூச்சுத் தசைகளே செயலிழக்கலாம். செயற்கைச் சுவாசம் தரும் மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டு செல்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

சூடு உண்மையில் உதவும் இடத்தில் நாம் அதை மறந்துவிடுகிறோம். கரைவலை இழுக்கும்போது காலில் திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால், சுண்ணாம்பைத் தேடுகிறோம், கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம், ஐஸ் வைக்கிறோம். அந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். காயத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கும் அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் காலை அமிழ்த்தி வைத்தால் வலி நன்றாகக் குறையும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. நல்ல கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்த முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலி அடங்கினாலும் டெட்டனஸ் தடுப்பூசிக்கும், உள்ளே ஒடிந்த துண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும்.